பிறப்பும் காதலும் தெரிவும்: மாயக்கதைக் கணினி விளையாட்டுக்களில் வர்க்கம் பற்றிய சில குறிப்புகள்

1

நாவலொன்றை வாசிப்பவர் அதன் தலைமைப் பாத்திரத்தின் பிறப்பைத் தெரிவு செய்வதில்லை. அப்பாத்திரம் எக்குடியிற் பிறந்தது, எத்தகைய பொருளாதாரச் சூழலில் வளர்ந்தது, யாரைக் காதலித்தது, அக்காதல் கைகூடிற்றா என்பனவெல்லாம் ஆசிரியரால் முன்னரே நிர்ணயிக்கப்பட்டவை. வாசகர் அவற்றை ஏற்றுக்கொண்டே நூலினுட் புகுகிறார். கடந்த அரை நூற்றாண்டுக் காலத்தில் மேலைநாடுகளில் வளர்ச்சிபெற்று இன்று உலகெங்கும் பரவியுள்ள பாத்திரமேற்கும் விளையாட்டு என்னும் கதைவடிவம் இவ்வுறவினை மாற்றியமைத்துள்ளது. இங்கு ஆடுபவர் கதை தொடங்குமுன்னரே தமது பாத்திரத்தின் இனம், பால், பிறப்பு, தொழில் ஆகியவற்றைத் தாமே தெரிவு செய்கிறார். கதை நடைபெறும் போது உடன்வரும் பாத்திரங்களுள் யாரைக் காதலிப்பது என்பதையும் அவரே தெரிவு செய்கிறார்.

இவ்வடிவத்தை இளைஞரின் வெறும் பொழுதுபோக்கு என ஒதுக்கிவிடுதல் எளிது. தொடர்கதையும் திரைப்படமும் தோன்றிய காலத்தில் அவையும் இவ்வாறே ஒதுக்கப்பட்டன என்பது மனங்கொள்ளத்தக்கது. இன்றைய இளைஞர் பலருக்கு, முன்னைய தலைமுறையினருக்கு நாவல் ஆற்றிய பணியினை இவ்விளையாட்டுக்களே ஆற்றுகின்றன. பிறருடைய வாழ்க்கையினுட் புகுந்து அதனை உள்ளிருந்து நோக்கும் அனுபவத்தை அவை வழங்குகின்றன. எனவே அவ்வனுபவத்தின் சமூக உள்ளடக்கம் யாது என வினவுதல் இலக்கிய ஆய்வின் எல்லைக்குட்பட்டதேயாகும்.

மனிதர் தமது வரலாற்றைத் தாமே ஆக்குகின்றனர் எனினும், தாம் விரும்பித் தெரிந்துகொண்ட சூழ்நிலைகளில் அதனை ஆக்குவதில்லை என்பது 1852 இல் வெளிவந்த, லூயி போனபார்ட்டின் பதினெட்டாம் புரூமேர் பற்றிய நூலில் மார்க்ஸ் வலியுறுத்திய கருத்தாகும். சூழ்நிலையையே தெரிவு செய்ய இடமளிக்கும் ஒரு கலைவடிவம் இவ்வுண்மையைச் சித்திரிக்க வல்லதா? அன்றி, பிறப்பும் காதலும் கடைத்தட்டில் அடுக்கப்பட்ட பண்டங்களே என்னும் மயக்கத்தை வளர்ப்பதா? இவ்வினாவினை 2009 ஆம் ஆண்டு நவம்பரில் வெளிவந்த 'டிராகன் ஏஜ்: ஒரிஜின்ஸ்' என்னும் விளையாட்டினை முதன்மைச் சான்றாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2

முதலில் வடிவத்தின் தோற்றத்தைச் சுருக்கமாக நோக்குதல் அவசியம். 1974 இல் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகிய இரு அமெரிக்கர் 'டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்' என்னும் விளையாட்டினை வெளியிட்டனர். மேசைமீது பொம்மைப் படைகளை நகர்த்திப் போர்புரியும் ஆட்டமரபிலிருந்து கிளைத்தது அது. படைக்குப் பதிலாகத் தனியொரு வீரனை ஆடுபவர் தமதாக்கிக்கொண்டமையே அதன் புதுமை. அவ்வீரனுடைய பலம், அறிவு முதலான ஆறு இயல்புகளும் மூன்று தாயக்கட்டைகளை உருட்டிப் பெறப்பட்டன. ஆகவே தொடக்கத்தில் பிறப்பு என்பது தெரிவாக அன்றித் திருவுளச் சீட்டாகவே இருந்தது.

இவ்வாட்ட மரபினைக் கணினிக்குக் கொண்டுவந்த நிறுவனங்களுள் ஒன்று, 1995 இல் கனடாவின் எட்மன்டன் நகரில் நிறுவப்பட்ட பயோவெயார். 1998 இல் வெளிவந்த அதன் 'பால்டர்ஸ் கேட்' பெருவரவேற்பினைப் பெற்றது. 2000 இல் வெளிவந்த அதன் இரண்டாம் பாகத்தில் உடன்வரும் பாத்திரங்களைக் காதலிக்கும் வாய்ப்பும் அமைந்தது. ஆண் பாத்திரத்தை ஏற்பவருக்கு மூன்று பெண்களும், பெண் பாத்திரத்தை ஏற்பவருக்கு ஒரேயொரு ஆணும் காதலுக்கு உரியோராக வைக்கப்பட்டிருந்தனர். எனினும் அங்கு கதைத்தலைவரின் பிறப்பு ஒன்றே. கொலைக்கடவுள் ஒருவனின் பிள்ளை என்ற அப்பிறப்பினை எவரும் மாற்ற இயலாது. காதலிலே தெரிவு இருந்தது, பிறப்பிலே இருக்கவில்லை எனலாம்.

2007 இல் பயோவெயாரை விலைக்கு வாங்குவதாக எலெக்ட்ரோனிக் ஆர்ட்ஸ் என்னும் பெருநிறுவனம் அறிவித்தது. அதன் உடைமையான பின்னர் வெளிவந்த 'ஒரிஜின்ஸ்' பிறப்பையும் காதலையும் ஒருசேர ஆடுபவரின் தெரிவுக்கு உட்படுத்தியது. பலர் பல ஆண்டுகள் உழைத்து ஆக்கும் இத்தகைய படைப்பில் மூலதனம் எதிர்பார்ப்பது விற்பனையை. 'உன் கதை, உன் தெரிவு' என்னும் உறுதிமொழியே அவ்விற்பனையின் கவர்ச்சி. ஆயின் எழுத்தாளர்கள் அவ்வுறுதிமொழியை நிறைவேற்றப் புகுந்தபோது அதற்கு மாறான உண்மையொன்றும் படைப்பினுள் நுழைந்துகொண்டது. அம்முரண்பாடே நமது ஆய்வுப் பொருள்.

3

கதை நிகழும் ஃபெரெல்டன் ஒரு நிலமானிய நாடு. பாதாளத்திலிருந்து எழும் கொடும்படையொன்று அதனை அழிக்க வருகிறது. அப்படையை எதிர்ப்பதற்கென வாழும் சாம்பற் காவலர் என்னும் வீரக்குழுவில் ஆடுபவரின் பாத்திரம் சேர்த்துக்கொள்ளப்படுகிறது. ஆனால் அதற்கு முன்னர் அப்பாத்திரம் ஆறு பிறப்புக்களுள் ஒன்றில் ஓரிரு மணிநேரம் வாழ்ந்தாக வேண்டும்.

முதலாவது, மானுடப் பிரபு குலம். அரசனுக்கு அடுத்த நிலையிலுள்ள கவுஸ்லண்ட் குடும்பத்தின் பிள்ளை, நட்பாய் வந்த இன்னொரு பிரபுவின் துரோகத்தால் ஓரிரவில் குடும்பத்தை இழக்கிறது. இரண்டாவது, நகர எல்ஃப். ஐரோப்பிய நாட்டார் மரபிற் கூறப்படும் கூர்ங்காதினரான எல்ஃப் இனத்தார் இக்கதையில் முன்னாள் அடிமைகள். தலைநகரில் மதில் சூழ்ந்த சேரியொன்றில் வாழ்ந்து மானுடருக்குக் குற்றேவல் புரிபவர்கள். மூன்றாவது, அவ்வினத்தாருள் அடிபணிய மறுத்துக் காடுகளில் அலைந்து திரியும் டேலிஷ் குழுவினர். நான்காவது, ஓர்சமார் என்னும் நிலத்தடி இராச்சியத்தில் வாழும் குள்ளரின் அரச குலம். ஐந்தாவது, அதே இராச்சியத்தின் சாதியற்றோர். ஆறாவது, பிள்ளைப்பருவத்திலேயே குடும்பத்திலிருந்து பிரிக்கப்பட்டு, ஏரி நடுவிலுள்ள கோபுரமொன்றில் மதவீரரின் காவலில் வாழும் மந்திரவித்தையர்.

இவை அழகுக்காக அணியும் ஆறு உடைகள் அல்ல. நகர எல்ஃபின் கதை ஒரு திருமண நாளில் தொடங்குகிறது. பெரியோர் நிச்சயித்த அத்திருமணம் நடைபெறும் வேளையில் நகரப் பிரபுவின் மகன் ஆட்களுடன் வந்து மணமகளிரைத் தூக்கிச் செல்கிறான். அவர்களை மீட்கச் செல்பவருக்கு, விட்டுவிட்டுப் போய்விடும்படி பொன் நாணயங்களைக் கொடுக்கவும் முன்வருகிறான். சேரியின் மானத்துக்கு அவன் தெரிந்த ஒரே அளவுகோல் பணமே. மானுடப் பிரபுவின் கதையிலோ, குடும்பம் அழியும் அந்த இரவிலேயே, விருந்தினராக வந்த சீமாட்டியின் எல்ஃப் பணிப்பெண்ணைத் தன் அறைக்கு அழைத்துக்கொள்ளும் வாய்ப்பு ஆடுபவருக்குக் கிடைக்கிறது. அது இருவரும் விரும்பிய இன்பமாகவே காட்டப்படுகிறது. இரு கதைகளையும் அடுத்தடுத்து ஆடுபவர் ஒன்றை உணராதிருக்க முடியாது. வன்முறையாய் ஓரிடத்தும் இனிய பேச்சாய் இன்னோரிடத்தும் தோன்றுவது ஒரே வர்க்க உறவுதான். மேலே இருப்பவரின் கைக்கு எட்டும் தூரத்திலேயே கீழே இருப்பவரின் உடல் வைக்கப்பட்டிருக்கிறது.

பிறப்பு முன்னுரையோடு முடிவதுமில்லை. எல்ஃபாகப் பிறந்த காவலர் படைமுகாமுக்கு வந்து சேரும்போது அங்குள்ள பண்டகசாலைக்காரன் அவரைப் பணியாள் என எண்ணி அதட்டுகிறான். மானுடப் பிரபுவுக்கு அவ்வனுபவம் நேர்வதில்லை. தோளிலே தொங்குவது ஒரே வாள்தான். முகத்திலே எழுதியிருப்பது வேறு.

4

பிறப்பின் பொருள் மிகத் தெளிவாக வெளிப்படும் இடம் ஓர்சமார். இங்கு கதாசிரியர்கள் சாதி என்ற சொல்லையே பயன்படுத்துகின்றனர். அச்சொல்லின் பொருளை அறிய நமது வாசகர் அகராதியைப் புரட்ட வேண்டியதில்லை. ஒவ்வொரு தொழிலும் ஒவ்வொரு சாதிக்கு உரியது. எச்சாதியிலும் சேராதோருக்கு எத்தொழிலும் இல்லை. பிறந்ததும் அவர்தம் முகத்திற் குறியொன்று பொறிக்கப்படுகிறது. அவர்களுக்கு எஞ்சியுள்ள வழிகள் இரண்டு. ஒன்று கள்ளக் கும்பல்களில் சேர்தல். மற்றையது இளம்பெண்களுக்கு மட்டுமே உரியது. அங்கு மகன் தந்தையின் சாதியையும் மகள் தாயின் சாதியையும் பெறுவர். எனவே சாதியற்ற பெண்ணொருத்தி பிரபு ஒருவனுக்கு ஆண்மகவு ஈன்றால், அம்மகனின் பொருட்டு அவளும் அவன் மாளிகைக்கு உயர்த்தப்படுவாள்.

சாதியற்றவராகப் பிறப்போரின் தமக்கை ரீக்கா இவ்வழியிலேயே செலுத்தப்படுகிறாள். அவளுக்கு ஆடையும் அணியும் வாங்கிக் கொடுத்துப் பிரபுக்களிடம் அனுப்புபவன் ஒரு கும்பல் தலைவன். அது அவனது முதலீடு. ஆடுபவர் இக்குடும்பத்திற் பிறந்தால், அவளது அலங்காரம் அக்குடிசையின் ஒரே நம்பிக்கையாகத் தோன்றுகிறது. ஆடுபவர் அரசகுல ஆண்மகனாகப் பிறந்தால், இத்தகைய பெண்கள் ஓர் இரவின் கேளிக்கையாகவே எதிர்ப்படுகின்றனர். ஒரே உறவு, காணும் படிக்கட்டைப் பொறுத்து, ஒருவருக்கு வாழ்வாகவும் இன்னொருவருக்கு விளையாட்டாகவும் ஆகின்றது.

ரீக்காவுக்கு ஆண்மகவு பிறக்கிறது. தந்தை இளவரசன் பெலென். அரசகுலத்திற் பிறக்கும் ஆடுபவருக்கு இவன் தம்பி. மூத்த சகோதரனைக் கொல்வித்து, அப்பழியை ஆடுபவர்மீது சுமத்தி நாடுகடத்துபவனும் இவனே. சாதியற்றவராகப் பிறக்கும் ஆடுபவருக்கு இதே பெலென் தமக்கையின் துணைவன், மருமகனின் தந்தை. பின்னர் ஓர்சமாரின் அரியணைக்கு பெலெனா அல்லது முதியவரான ஹரோமொன்ற் பிரபுவா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு ஆடுபவரிடம் வருகிறது. ஹரோமொன்ற் நேர்மையாளர், மரபைப் போற்றுபவர். அவர் அரசரானால் சாதிக் கட்டுப்பாடுகள் மேலும் இறுகுகின்றன. நாடு வெளியுலகிலிருந்து தன்னை மூடிக்கொள்கிறது. பெலென் சகோதரக் கொலைகாரன். அவன் அரசனானால் சபையைக் கலைத்துவிட்டு எதேச்சாதிகாரியாகிறான். ஆயினும் வெளி வணிகத்தைத் திறந்து சாதியற்றோரின் தளைகளைத் தளர்த்துபவனும் அவனே.

தனிமனித ஒழுக்கமும் வரலாற்று முன்னேற்றமும் ஒரே பக்கத்தில் நிற்பதில்லை என்பதை இத்துணைச் சுருக்கமாக உணர்த்தும் நிகழ்ச்சிகளைச் சிறந்த வரலாற்று நாவல்களிலேயே நாம் காண்கிறோம். வோல்டர் ஸ்கொட்டின் நாவல்களை ஆராய்ந்த லூக்காச், அவற்றின் கதைத்தலைவன் எப்பக்கத்தையும் முற்றாகச் சாராத நடுத்தரமானவனாக இருப்பதாலேயே மோதும் இரு முகாம்களையும் வாசகருக்குக் காட்ட முடிகிறது என்றார். 'ஒரிஜின்ஸ்' வேறொரு வழியைக் கையாளுகிறது. நடுவில் ஒருவனை நிறுத்தாமல், ஒரே நிகழ்ச்சியை வெவ்வேறு பிறப்புக்களினூடாக மீண்டும் மீண்டும் வாழச் செய்கிறது. பெலென் பற்றிய தீர்ப்பு மாறுவது ஆடுபவரின் மனநிலை மாறியதால் அன்று. அவர் நிற்கும் நிலை மாறியதாலேயே. சமூக இருப்பே உணர்வைத் தீர்மானிக்கிறது என்பதை ஏட்டிற் படிப்பது ஒன்று. தாமே ஒருமுறை ஒருவனை மன்னித்தும் இன்னொருமுறை வெறுத்தும் அறிவது வேறொன்று. இவ்வடிவத்தின் சிறப்பாற்றல் இதுவெனக் கூறலாம்.

5

இனிக் காதலை நோக்குவோம். 'ஒரிஜின்ஸ்' கதையில் காதலுக்குரியோர் நால்வர். அலிஸ்டர் என்னும் காவலன் பெண் பாத்திரத்துக்கும், காட்டிலே தாயிடம் மந்திரம் கற்று வளர்ந்த மொரிகன் ஆண் பாத்திரத்துக்கும் உரியோர். பாடினியாகவும் ஒற்றராகவும் வாழ்ந்து மதம் புகுந்த லெலியானாவும், கூலிக்கொலைஞனான ஸெவ்ரனும் இருபாலாருக்கும் உரியோர். இவர்களும் தத்தம் பிறப்பைச் சுமந்தே வருகின்றனர். லெலியானா சீமாட்டி ஒருத்தியின் பணிப்பெண்ணுக்குப் பிறந்தவள். ஸெவ்ரன் விலைமாதர் இல்லத்திற் பிறந்து, சிறுவனாகவே கொலைஞர் சங்கத்துக்கு விற்கப்பட்டவன்.

இவர்களின் அன்பு கணக்கிடப்படுகிறது. ஒவ்வொருவருக்கும் நூறு குறையிலிருந்து நூறு நிறைவரை செல்லும் அளவுகோல் ஒன்று உண்டு. அவர்கள் விரும்பும் சொல்லைச் சொன்னால் எண் ஏறுகிறது, விரும்பாததைச் செய்தால் இறங்குகிறது. எண்ணை உயர்த்தும் மற்றொரு வழி பரிசுப்பொருள். மொரிகனுக்கு நகை, லெலியானாவுக்கு மதச் சின்னம், ஸெவ்ரனுக்கு வெள்ளிக் கட்டியும் பொற்கட்டியும் என அவரவர்க்கு உகந்தவை உண்டு. சந்தையில் வாங்கிக் கொடுத்தாலும் போதும். தொடர்ந்து கொடுத்தால் பரிசின் பயன் படிப்படியாகக் குறையும் என்ற விதியும் உள்ளது. அன்பை அதிக அளவில் உயர்த்தும் பரிசுகள் அடங்கிய தொகுதியொன்று பின்னர் மெய்யான பணத்துக்குத் தனியே விற்கப்பட்டது.

பண்டமாக்கலின் தர்க்கத்தை இதனிலும் வெளிப்படையாகக் காட்டுதல் அரிது. மனிதரிடையேயான உறவு பொருள்களிடையேயான உறவாகத் தோற்றமளிப்பதையே மார்க்ஸ் பண்டவழிபாடு எனக் குறிப்பிட்டார். இங்கோ அது தோற்றமாகக்கூட இல்லாமல் விதியாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஒருவரின் மனத்தை அறிதல் என்பது அவருடைய விலையை அறிதலாகச் சுருங்கிவிடுகிறது. சேரிப் பெண்களுக்கு விலை பேசிய பிரபு மகனைக் கதை வெறுக்கச் சொல்கிறது. அதே வேளையில், உடன்வருவோரின் உள்ளத்துக்கு விலை கொடுக்கும் பழக்கத்தை விளையாட்டின் பொறியமைப்பு ஆடுபவருக்குக் கற்றுக்கொடுக்கிறது. கதை ஒன்றைச் சொல்ல, வடிவம் அதற்கு எதிரானதைச் செய்விக்கும் இம்முரண் இவ்வகைப் படைப்புக்கள் பலவற்றுக்கும் பொதுவானது. உள்ளடக்கத்தை மட்டும் நோக்கும் விமரிசனம் இதனைக் காணத் தவறிவிடும்.

6

எனினும் எண் நூறை எட்டியும் காதல் தோற்கும் இடமொன்று 'ஒரிஜின்ஸ்' கதையில் உண்டு. இப்படைப்பின் உயிர்நிலை அதுவே என்பது நமது கருத்து.

அலிஸ்டர் மறைந்த மன்னனின் முறைபிறழ்ந்த மகன். பிரபு ஒருவரின் கோட்டையில் குதிரை லாயத்தில் உறங்கி வளர்ந்து, பின் மதவீரர் மடத்துக்கு அனுப்பப்பட்டவன். சட்டபூர்வமான மன்னன் போரில் மடிந்தபின் அரியணைக்கு அவன் பெயரும் அடிபடுகிறது. அவனை அரசனாக்குவதா, மறைந்த மன்னனின் மனைவி அனோராவை ஆளவிடுவதா என்பது பெருஞ்சபையில் முடிவாகவேண்டும். அச்சபையில் ஆடுபவரின் சொல் செல்லும்.

அவனைக் காதலிக்கும் பெண் கவுஸ்லண்ட் பிரபுவின் மகளாயின், அவனை மன்னனாக்கித் தானே அரசியாகலாம். அவள் எல்ஃபாயின், குள்ளர் குலத்தவளாயின், மந்திரவித்தையாயின் அவ்வாய்ப்பு இல்லை. முடிசூடவிருக்கும் அவன், வாரிசு வேண்டும், நாடு இத்தகைய அரசியை ஏற்காது என்று கூறி உறவை முறித்துக்கொள்கிறான். அவன் அவளை வெறுக்கவில்லை. அளவுகோலில் அன்பு நிறைந்தே இருக்கிறது. தான் கட்டியெழுப்பிய அன்பைத் தான் பெற்றுத்தந்த அரியணையே பறித்துக்கொள்வதை ஆடுபவர் காண்கிறார். நிலமானியச் சமுதாயத்தில் உயர்குடித் திருமணம் உடைமையும் வாரிசுரிமையும் பற்றிய ஒப்பந்தமே என 1884 இல் வெளிவந்த குடும்பம், தனிச்சொத்து, அரசு ஆகியவற்றின் தோற்றம் பற்றிய நூலில் ஏங்கெல்ஸ் விளக்கியதன் கதைவடிவம் இதுவெனலாம்.

இம்முறிவைத் தவிர்க்க வழிகள் இரண்டு உள. ஒன்று, அவனை அரசனாக்காதிருத்தல். அவ்வாறாயின் இருவரும் காவலராகவே சேர்ந்து வாழலாம். காதலுக்காக அதிகாரத்தைத் துறக்கவேண்டும். மற்றையது நுட்பமானது. தலைநகரில் சலவைத் தொழில் செய்து பிழைக்கும் கோல்டானா என்பவள் தன் தாய்வழிச் சகோதரி என அலிஸ்டர் நம்பி, அவளைக் காணச் செல்கிறான். கனிவான குடும்பமொன்றை எதிர்பார்த்துச் செல்பவன்முன், ஐந்து பிள்ளைகளை வளர்க்க வழியின்றித் தவிக்கும் ஏழைப் பெண்ணொருத்தி சீற்றத்துடன் நின்று பணம் கேட்கிறாள். அவன் மனமுடைந்து வெளியே வருகிறான். அப்போது ஆடுபவர் அவனிடம், உலகில் எல்லாரும் தத்தம் நலனையே நாடுகின்றனர், நீயும் அதனைக் கற்றுக்கொள் என்று கூறலாம். கூறினால் அவன் உள்ளம் இறுகுகிறது. இறுகிய அலிஸ்டர் அரசனானபின் காதலியைக் கைவிடுவதில்லை. ஆனால் மனைவியாக அல்ல, ஆசைநாயகியாகவே வைத்துக்கொள்கிறான்.

இத்தொடர்பு ஆழ்ந்து நோக்கத்தக்கது. தாழ்ந்த பிறப்பினளின் காதல் அரண்மனையில் இடம்பெறுவதற்குரிய நிபந்தனை, காதலன் தன்னலத்தையே உலகநியதியாக ஏற்றுக்கொள்வதாகும். அப்பாடம் அவனுக்குக் கிடைப்பதோ சலவைத் தொழிலாளி ஒருத்தியின் வறுமையைப் பேராசை எனத் தவறாகப் படித்ததன் மூலமாகும். கோல்டானா சொல்வதில் நியாயம் உண்டு. வறுமை அவளிடத்துச் சகோதர பாசத்துக்கு இடம்வைக்கவில்லை. அதனை உணர்ந்த ஆடுபவர் அவனைத் தேற்றி அனுப்பினால், அவன் நல்லவனாகவே இருந்து, நல்லவனாகவே காதலியைக் கைவிடுவான். நன்மை, தீமை என்ற தனிமனித ஒழுக்க எல்லைக்குள் இச்சிக்கலுக்குத் தீர்வு இல்லை. தீர்வின்மையே இங்கு யதார்த்தம்.

7

இதனால் 'ஒரிஜின்ஸ்' முற்போக்கான படைப்பு என முடிவுகட்டிவிட இயலாது. அதன் எல்லைகள் வெளிப்படையானவை. ஆறு பிறப்புக்களுள் மானுட உழவரின் பிறப்பு இல்லை. நிலமானிய நாடொன்றில் உழுது உணவளிக்கும் மக்கள் அகதிகளாகவும் பிணங்களாகவும் வருகின்றனர். கதைத்தலைவராக வருவதில்லை. எவ்வாறு பிறந்தாலும் ஆடுபவர் சாம்பற் காவலர் குழுவில் சேர்க்கப்படுவதன் மூலமே தம் வர்க்கத்திலிருந்து வெளியேறுகிறார். சேரி சேரியாகவே இருக்கிறது. தெரிந்தெடுக்கப்பட்ட ஒருவர் மட்டும் தப்புகிறார். இறுதியிலே தம் மக்களுக்காக ஆடுபவர் கேட்கக்கூடிய உரிமையும் முடியாட்சி மேலிருந்து அளிக்கும் வரமாகவே கிடைக்கிறது. போராடிப் பெறும் உரிமையாக அன்று. ஆயினும் இவ்வெல்லைகளுக்குள்ளே பிறப்பு ஒரு பொருளாயத சக்தியாக இயங்குகிறது என்பதை மறுத்தல் இயலாது.

அடுத்துவந்த படைப்புக்களில் நிகழ்ந்த மாற்றத்தோடு ஒப்பிடும்போது இது மேலும் விளங்கும். 2011 இல் வெளிவந்த இரண்டாம் பாகம் ஒரே பிறப்பை, அகதிக் குடும்பமொன்றின் பிள்ளையாய்ப் பிறத்தலை, அனைவருக்கும் விதித்தது. 2014 இல் வெளிவந்த 'இன்குவிசிஷன்' பிறப்புத் தெரிவை மீண்டும் கொண்டுவந்தது. ஆனால் அப்பிறப்பை எவரும் வாழ்வதில்லை. தொடக்கத்தில் சில வரிகளில் அது எழுதிக் காட்டப்படுகிறது. காதலுக்கு அங்கும் தடைகள் உள. ஒருவர் எல்ஃப் பெண்ணை மட்டுமே, சிலர் தம் பாலாரை மட்டுமே விரும்புவர். இவை விரும்பப்படுபவரின் தனிப்பட்ட நாட்டங்கள், சமுதாயத்தின் தடைகள் அல்ல. 2024 இல் வெளிவந்த 'வேல்கார்ட்' படைப்பில் உடன்வரும் எழுவரும் எப்பிறப்பினர்க்கும் எப்பாலார்க்கும் உரியோராயினர்.

பெல்ஜிய நாட்டு லாரியன் நிறுவனம் 2023 இல் வெளியிட்ட 'பால்டர்ஸ் கேட் 3' இவ்வகையில் நுணுகி நோக்கத்தக்கது. அங்கு உயர்குடிப் பிறப்பு, தெருப்பிள்ளை, போர்வீரன் முதலான பின்புலங்கள் பட்டியலாக வைக்கப்பட்டுள்ளன. உயர்குடிப் பிறப்பைத் தெரிந்தால் வரலாற்றறிவும் பிறரை இணங்கச் செய்யும் ஆற்றலும் கிடைக்கின்றன. தெருப்பிள்ளையைத் தெரிந்தால் கைத்திருட்டும் பதுங்கிச் செல்லலும் கிடைக்கின்றன. வறுமை இங்கு ஓர் இழப்பாக இல்லை, ஒரு திறமையாக மாற்றப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு பிறப்பும் சமமதிப்புள்ள இரு திறமைகளைத் தருமாயின், எப்பிறப்பும் எப்பிறப்புக்கும் மேலன்று. சந்தையில் எல்லாரும் சமமானவர் என்னும் முதலாளித்துவக் கருத்துநிலையின் துல்லியமான வடிவம் இது.

ஆழமான கடந்தகாலம் இவ்விளையாட்டில் இல்லாமற் போய்விடவில்லை. அது ஆடுபவரிடமிருந்து காதலிக்கப்படுபவரிடம் இடம்பெயர்ந்துவிட்டது. இருநூறு ஆண்டுகள் எசமானுக்கு அடிமைப்பட்டு, இரைகளைக் கவர்ந்துவரத் தன் உடலைக் கருவியாக்கியவன் அஸ்டாரியன். அவனது காதற்கதை ஆற்றலோடு எழுதப்பட்டுள்ளது. ஆனால் காயம் அவனுடையது, அதனை ஆற்றும் பெருமை ஆடுபவருடையது. 'ஒரிஜின்ஸ்' கதையில் கைவிடப்படும் எல்ஃப் பெண் ஆடுபவரே. பிறரது துயருக்கு இரங்குவதற்கும் பிறர் நிலையில் நின்று மறுக்கப்படுவதற்கும் இடையிலுள்ள வேறுபாடு சிறியதன்று.

இங்கு ஒன்றைத் தெளிவாகக் கூறுதல் வேண்டும். 2000 இல் பெண்ணுக்கு ஒரே ஆண் என்றிருந்த நிலை மாறி, எப்பாலாரும் எப்பாலாரையும் காதலிக்கலாம் என்றானமை உண்மையான முன்னேற்றம். தம்மைப் போன்றோரை எக்கதையிலும் காணாதிருந்தவர்கள் அதனால் இடம்பெற்றனர். அதனைக் குறைகூறுவது நமது நோக்கமன்று. ஆயின் பால்சார்ந்த தடை நீங்கியமை வெளியுலகில் நடந்த போராட்டங்களின் பேறு. வர்க்கஞ்சார்ந்த தடை மறைந்தமைக்கு அத்தகைய போராட்டம் எதுவும் காரணமன்று. ஆடுபவரின் விருப்பத்துக்கு இடையூறு நேரலாகாது என்ற வணிக நியதியினால், ஒரே வீச்சில் இரண்டும் துடைக்கப்பட்டன. நீக்கப்படவேண்டிய அநீதியும் காட்டப்படவேண்டிய அநீதியும் வேறுபடுத்தப்படவில்லை.

8

நாம் எழுப்பிய வினாவுக்கு விடை இப்போது ஓரளவு தெளிவாகும். பிறப்பைத் தெரிவு செய்ய இடமளிப்பதாலேயே ஒரு கலைவடிவம் பொய்யாகிவிடுவதில்லை. தெரிந்தெடுத்த பிறப்பு அதன்பின் தெரிவுக்கு அப்பாற்பட்டதாகி, ஆடுபவரின் ஆசைக்கு எதிராக நிற்குமாயின், அவ்வடிவம் நாவலுக்கும் எளிதிற் கைவராத ஓர் உண்மையை உணர்த்தவல்லது. பெலென் பற்றிய இருவேறு தீர்ப்புக்களும், அலிஸ்டரின் மறுப்பும் அதற்குச் சான்றுகள். தெரிந்தெடுத்த பிறப்பு எதனையும் தடுக்காது, இரண்டு திறமைகளை மட்டும் தந்து ஒதுங்கிவிடுமாயின், ஆயிரம் தெரிவுகள் இருந்தும் அங்கு சமுதாயம் இல்லை. காதலும் அங்கு கடைத்தட்டிலிருந்து எடுக்கப்படும் பண்டமாகவே எஞ்சும்.

எனவே இத்தகைய படைப்பொன்றை மதிப்பிடுபவர் எத்தனை பிறப்புக்கள், எத்தனை காதலர்கள் என எண்ணுவதோடு அமைதல் போதாது. எப்பிறப்பு பட்டியலில் இல்லை, எக்காதல் எதனால் மறுக்கப்படுகிறது, அம்மறுப்புக்குக் காரணம் தனிமனிதரின் நாட்டமா, சமுதாயத்தின் அமைப்பா என வினவவேண்டும். ஃபெரெல்டனின் உழவர் இன்னும் கதைத்தலைவராகவில்லை. சலவைத் தொழிலாளி கோல்டானா நம்மைப் பிறக்கச் சொல்லும் ஒரு பிறப்பாக இன்னும் வைக்கப்படவில்லை. அவள் வீட்டு வாயிலுக்கு வந்து பாசம் தேடும் இளவரசனை அவளது கண்ணால் நோக்கும் படைப்பு தோன்றுமாயின், அன்றுதான் இவ்வடிவம் தன் ஆற்றலை முழுமையாகப் பயன்படுத்தியதாகும்.